வெட்ட வேண்டாம், மறைத்தால் போதும்: பழைய குடும்பப் படங்களுக்கு ஒரு ‘மாஸ்க்’ பாடம்

நாளிதழில் நினைவஞ்சலி விளம்பரம் கொடுக்க வேண்டும். மறைந்த தாத்தாவுக்குத் தனிப்படம் கிடையாது. இருப்பது ஒரே ஒரு கல்யாணப் படம். அதில் 16 பேர் இரண்டு வரிசையாக நிற்கிறார்கள். கத்தரிக்கோல் வெளியே வருகிறது. தாத்தாவின் முகம் முட்டை வடிவத்தில் வெட்டுப்பட்டு விளம்பரத்துக்குப் போய்விடுகிறது. பக்கத்தில் நின்ற பாட்டியின் பாதிக் கொண்டையும் அதோடு போய்விடுகிறது. ஆல்பத்தில் மிஞ்சுவது ஓட்டை விழுந்த படம்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் பழைய ஆல்பம் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இப்படிப்பட்ட படம் புதிதல்ல. இப்போது கத்தரிக்கோல் இல்லை. ஆனால் பழக்கம் அப்படியேதான் இருக்கிறது. கைத்தொலைபேசியில் பழைய படத்தைப் படம்பிடித்து, வேண்டாத பக்கங்களைச் சுருக்கி, சுருக்கியதையே சேமித்து, அதையே புலனத்தில் எல்லாருக்கும் அனுப்பிவிடுகிறோம். நாளடைவில் அந்தச் சுருங்கிய பிரதிதான் மிஞ்சுகிறது.

பெற்றோரின் மணிவிழாவுக்கோ, குடும்ப ஒன்றுகூடலுக்கோ கணினியிலேயே படத்தொகுப்பு ஏடு தயாரிப்பவர்கள் இன்று பலர். டிஜிட்டல் ஸ்கிராப்புக் எனப்படும் இந்த ஏட்டில் பின்னணித் தாள், படங்கள், எழுத்து, அலங்காரம் எல்லாம் திரையிலேயே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும். பசையும் கத்தரியும் தேவையில்லை. இதில் முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய உத்தி ‘மாஸ்க்’. படத்தின் ஒரு பகுதியை அழிக்காமல், கண்ணுக்குத் தெரியாமல் மட்டும் செய்வது.

முகமூடி அல்ல, மறைப்பு

மாஸ்க் என்ற சொல்லைச் சிலர் ‘முகமூடி’ என்றே தமிழாக்கிவிடுகிறார்கள். அது பொருந்தாது. இங்கே மூடப்படுவது முகமன்று. பெரும்பாலும் முகத்தைத் தவிர்த்த மற்ற எல்லாம்தான். ‘மறைப்பு’ என்றால் பொருள் நேராக விளங்கும்.

தமிழ்த் திரையுலகுக்கு இந்த வேலை நெடுநாள் பழக்கம். மாடர்ன் தியேட்டர்ஸ் 1940-இல் வெளியிட்ட ‘உத்தம புத்திரன்’ படத்தில் பி.யு.சின்னப்பா இரு வேடங்களில் தோன்றினார். தமிழின் முதல் இரட்டை வேடப் படம் என்று அது குறிப்பிடப்படுகிறது. ஒரே நடிகரை ஒரே காட்சியில் இரண்டு பேராகக் காட்டுவதற்குத் திரையுலகில் வழங்கிய உத்திக்குப் பெயரே ‘மாஸ்க் ஷாட்’. லென்ஸின் பாதியை மறைத்து ஒரு வேடத்தைப் படம்பிடிப்பார்கள். பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறுபாதியை மறைத்து, இன்னொரு வேடத்தைப் பிடிப்பார்கள். முதல் தடவை மறைக்கப்பட்ட பாதியில் வெளிச்சம் படாததால்தான் இரண்டாம் தடவை அதில் படம் விழுந்தது. மறைத்தது கெடாமல் காத்திருக்கும் என்பதுதான் அந்த வேலையின் அடிப்படை.

படக்கடைகளும் இதைச் செய்தன. பழைய படங்களில் முகம் நடுவில் தெளிவாக இருக்க, ஓரங்கள் பனிபோல் வெள்ளையில் கரைந்திருப்பதைப் பார்த்திருப்போம். இருட்டறையில் முட்டை வடிவ ஓட்டை போட்ட ஓர் அட்டையை லென்ஸுக்கும் தாளுக்கும் நடுவே பிடித்து மெல்ல அசைத்தால் அப்படி வரும். அங்கும் நெகட்டிவுக்கு ஒன்றும் ஆவதில்லை. அடுத்த பிரதியை முழுதாகவே போடலாம்.

கறுப்பா, வெள்ளையா?

கணினியில் 1994-இல் வந்த போட்டோஷாப் 3.0, லேயர் எனப்படும் அடுக்குகளை அறிமுகப்படுத்தியது. ஒவ்வொரு படமும் தனித்தனிக் கண்ணாடித் தாளில் இருப்பதாக நினைத்துக்கொள்ளலாம். ஓர் அடுக்கோடு இன்னொரு கறுப்பு வெள்ளைத் தாளை ஒட்டினால் அதுதான் லேயர் மாஸ்க். அந்தத் தாளில் வெள்ளை இருக்கும் இடத்தில் படம் தெரியும். கறுப்பு இருக்கும் இடத்தில் தெரியாது. சாம்பல் நிறம் இருந்தால் அரைகுறையாகத் தெரியும். கறுப்பிலிருந்து வெள்ளை வரை வழக்கமாக 256 நிலைகள் உண்டு. ஓரம் மெல்லக் கரைவது போன்ற தோற்றம் அந்த இடைநிலைகளால்தான் வருகிறது. தீபாவளிச் சந்தையில் விற்கும் ரங்கோலி அச்சைப் போலத்தான்: ஓட்டை உள்ள இடத்தில் பொடி விழும், இல்லாத இடத்தில் விழாது. வேறுபாடு, இந்த அச்சில் பாதி திறந்த ஓட்டைகளும் உண்டு.

இதுவரை குழப்பமில்லை. குழப்பம் தொடங்குவது, இணையத்தில் விலைக்கோ இலவசமாகவோ கிடைக்கும் ‘போட்டோ மாஸ்க்’ தொகுப்பைத் திறக்கும்போது. உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரு கறுப்பு வடிவம்: தூரிகையால் இழுத்த தீற்றல், நீர்வண்ணக் கறை, கிழிந்த தாளின் ஓரம் என ஏதோ ஒன்று. கறுப்பு மறைக்கும் என்று இப்போதுதானே படித்தோம்? ஆனால் சொன்னபடி செய்தால், கறுப்பு இருக்கும் இடத்தில்தான் படம் தெரிகிறது. பாதிப் பேர் இந்த இடத்தில் கைவிட்டுவிடுவார்கள்.

விடை எளிது. அந்தக் கறுப்பு வடிவம் லேயர் மாஸ்க்குக்காகச் செய்யப்பட்டதல்ல. கிளிப்பிங் மாஸ்க் என்ற வேறொரு முறைக்கானது. அதில் வடிவம் கீழ் அடுக்கில் இருக்கும், படம் அதற்கு மேல் அடுக்கில் இருக்கும். மேலே உள்ள படம், கீழே உள்ள வடிவத்தின் எல்லைக்குள் மட்டும் தெரியும். இங்கே நிறத்துக்கு வேலையே இல்லை. கீழே உள்ள வடிவம் கறுப்பாக இருந்தாலும் சிவப்பாக இருந்தாலும் ஒன்றுதான். ஏதாவது நிறம் இருக்கும் இடத்தில் படம் தெரியும். ஒன்றுமே இல்லாமல் வெறுமையாக, ஒளி ஊடுருவுவதாக இருக்கும் இடத்தில் தெரியாது. நிறம் மங்கலாக இருந்தால் படமும் மங்கலாகத் தெரியும்.

ஆக, லேயர் மாஸ்க்கில் பார்க்க வேண்டியது கறுப்பா வெள்ளையா என்பது. கிளிப்பிங் மாஸ்க்கில் பார்க்க வேண்டியது நிறம் இருக்கிறதா இல்லையா என்பது. இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டுவிட்டால் மீதியெல்லாம் கைப்பழக்கம். விலை குறைந்த போட்டோஷாப் எலிமெண்ட்ஸ் மென்பொருளில் படத்துக்கு நேரடியாக லேயர் மாஸ்க் போடும் வசதி 2010-இல் வந்த 9-ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால், பழைய பாடங்கள் பல ஏன் கிளிப்பிங் முறையையே சொல்லித்தருகின்றன என்பது புரியும்.

ஒரு படத்தை வைத்துச் செய்து பார்க்கலாம்

பயிற்சிக்குப் போட்டோஷாப்புக்கு மாதச் சந்தா கட்ட வேண்டியதில்லை. உலாவியிலேயே இயங்கும் போட்டோபியா இலவசம். விளம்பரங்கள் வரும், அவ்வளவுதான். திறக்கும் படம் சொந்தக் கணினியிலேயே இருக்கும், எங்கும் ஏற்றப்படுவதில்லை என்பது குடும்பப் படங்களுக்கு ஒரு வசதி. 1996 முதல் கிடைக்கும் கிம்ப் என்ற மென்பொருளும் முற்றிலும் இலவசம். கைத்தொலைபேசி மட்டுமே உள்ளவர்கள் கேன்வா செயலியில் ‘பிரேம்ஸ்’ எனப்படும் சட்டங்களுக்குள் படத்தை இழுத்துப் போடலாம். அதுவும் ஒருவகை மறைப்புதான். ஆனால் சட்டத்தின் வடிவம் எதுவோ அதுதான் கிடைக்கும், ஓரத்தை நம் விருப்பத்துக்குத் தீட்ட முடியாது.

அம்மா தோட்டத்து லயன் வீட்டு வாசலில் நிற்கும் ஒரு பழைய படம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். புதிய பக்கம் ஒன்றைத் திறக்க வேண்டும். ஸ்கிராப்புக் பக்கத்தின் வழக்கமான அளவு 12 அங்குலத்துக்கு 12 அங்குலம். அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்றால் 3600-க்கு 3600 புள்ளிகள். முதலில் பின்னணித் தாள். அதன்மேல் மாஸ்க் வடிவம். அதற்கு மேல் அம்மாவின் படம், வடிவத்தை முழுதாக மூடும் அளவுக்குப் பெரிதாக. படத்தின் அடுக்கைத் தேர்ந்தெடுத்து, லேயர் பட்டியலில் கிளிப்பிங் மாஸ்க் என்பதை அழுத்தினால் படம் அந்த வடிவத்துக்குள் அடங்கிவிடும். போட்டோஷாப்பில் கண்ட்ரோல், ஆல்ட், ஜி மூன்றையும் ஒன்றாக அழுத்துவது குறுக்குவழி. பிறகு படத்தை மட்டும் நகர்த்தி, அம்மாவின் முகம் வடிவத்தின் கெட்டியான நடுப்பகுதியில் வருமாறு வைக்க வேண்டும்.

பலரும் சறுக்குவது இங்கேதான். தூரிகைத் தீற்றல் மாஸ்க்குகளின் ஓரங்கள் திட்டுத் திட்டாக இருக்கும். முகம் அந்த ஓரத்தில் விழுந்தால், கண் இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு ஓடும். அலங்காரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அப்படிப்பட்ட பக்கம் வீண். முகம், கை, கையில் பிடித்திருக்கும் பொருள் ஆகிய மூன்றும் நடுவே வர வேண்டும்; வானமும் சுவரும் ஓரத்தில் கரையட்டும்.

இனி நினைவஞ்சலி விளம்பரத்துக்கு. 16 பேர் படத்தில் தாத்தாவின் முகம் மட்டும் வேண்டும் என்றால் லேயர் மாஸ்க்தான் வசதி. நீள்வட்டத் தேர்வுக் கருவியால் முகத்தைச் சுற்றி ஒரு முட்டை வரைந்து, ‘பெதர்’ என்பதில் ஓர் எண் கொடுத்தால் ஓரம் மென்மையாகும். எண் எவ்வளவு என்பது படத்தின் அளவைப் பொறுத்தது. 20 புள்ளிகளில் தொடங்கிக் கூட்டிக் குறைத்துப் பார்க்கலாம். பிறகு லேயர் மாஸ்க் பொத்தானை அழுத்தினால் மற்ற 15 பேரும் திரையிலிருந்து மறைவார்கள். பாட்டியின் கொண்டை கொஞ்சம் எட்டிப் பார்த்தால், மாஸ்க்கின் மேல் கறுப்புத் தூரிகையால் தடவலாம். தாத்தாவின் காது தவறி மறைந்துவிட்டால் வெள்ளைத் தூரிகையால் தடவி மீட்கலாம். தலைமுடியின் ஓரத்துக்கு மட்டும் சாம்பல் நிறமும் மென்மையான தூரிகையும். போட்டோஷாப்பில் எக்ஸ் விசையை அழுத்தினால் கறுப்பும் வெள்ளையும் இடம் மாறிக்கொள்ளும். ஷிப்ட் விசையோடு மாஸ்க்கின் மேல் அழுத்தினால் மறைப்பு தற்காலிகமாக விலகி 16 பேரும் மறுபடி வந்து நிற்பார்கள்.

எதை மறைக்கிறோம்?

லயன் வீட்டு வாசல் படத்துக்கு வருவோம். அம்மாவின் முகம்தான் பிள்ளைகளுக்கு வேண்டும். பின்னால் இருக்கும் தண்ணீர்க் குழாய், கதவில் எழுதிய வீட்டு எண், கோழிக்கூண்டு, தூரத்தில் பாதி தெரியும் தோட்ட ஆபீஸ் பலகை எல்லாம் ‘வேண்டாத பக்கங்கள்’. ஆனால் அந்தத் தோட்டம் இன்று எங்கே? 1998 காமன்வெல்த் போட்டிகளுக்குத் தேசிய அரங்கம் எழுந்த புக்கிட் ஜாலில் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். கிள்ளானில் புக்கிட் ராஜா என்றால் இப்போது வீடமைப்புப் பகுதிதான் நினைவுக்கு வருகிறது. அதுவும் தோட்டமாக இருந்த மண்தான். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே யார்டு இருந்த இடத்தில் 2001-இல் கே.எல். சென்ட்ரல் திறக்கப்பட்டது. அந்த இடங்களைப் படம்பிடிக்க வேண்டும் என்று யாரும் தனியாகக் கேமரா வாங்கவில்லை. அவை இருப்பது இப்படித்தான், யாரோ ஒருவரின் பிறந்தநாள் படத்துக்குப் பின்னால், ஓரமாக.

பேரப்பிள்ளைக்கு ஒருநாள் ‘நாம் எந்தத் தோட்டம்?’ என்று கேட்கத் தோன்றினால், விடை அந்தப் பாதிப் பலகையில் இருக்கலாம். சுருக்கிச் சேமித்த படத்தில் அது இருக்காது. மாஸ்க் போட்ட படத்தில், அடுக்குகளோடு சேமித்திருந்தால், மறைப்பை விலக்கிப் பார்க்க முடியும்.

மனிதர்கள் விஷயமும் இப்படித்தான். குடும்பத்தோடு பேச்சுவார்த்தை இல்லாத மருமகன், பிரிந்துபோன சின்னம்மா, சொத்துத் தகராறில் ஒதுங்கிய அண்ணன் என்று எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். ஏடு தயாரிக்கும்போது அவரை விட்டுவிடச் சொல்லி மேலிடத்து உத்தரவு வரும். மறைப்பதில் தவறில்லை; விழா நாளில் யாருக்கும் மனக்கசப்பு வேண்டாம். பத்து ஆண்டு கழித்துச் சமாதானமானால், வெட்டியெறிந்தவரை ஒட்ட முடியாது. மறைத்து வைத்தவரைத் திரும்பக் கொண்டுவரலாம்.

இதற்கு நேர்மாறான வேலையும் உண்டு: சேர்ந்து படமெடுத்துக்கொள்ளாத தாத்தாவையும் பாட்டியையும் ஒன்றாக நிற்க வைப்பது. மலாயாவில் 1948-இல் அவசரகாலத்தின்போது தேசியப் பதிவு நடந்து அடையாளக் கார்டு வழங்கப்பட்டது. அந்தக் கார்டுக்காக எடுத்த முகப்படத்தைத் தவிர வேறு தனிப்படமே இல்லாத பெரியவர்கள் உண்டு. அந்த முகத்தைப் பாட்டியின் படத்தோடு மாஸ்க் வைத்து இணைத்துத் தரச் சொல்லிப் படக்கடைக்குப் போகிறார்கள். மனத்துக்கு ஆறுதலான வேலைதான். ஆனால் படத்தின் கீழே ‘இரு படங்கள் இணைக்கப்பட்டவை’ என்று ஒரு வரி போடாவிட்டால், அடுத்த தலைமுறை அதை நடந்த காட்சி என்றே நம்பும்.

மாஸ்க்குக்கு முந்தைய வேலை

மூலப்படத்தை நன்றாக ஸ்கேன் செய்யாமல் மேலே சொன்ன எதுவும் பலனளிக்காது. 2 அங்குலத்துக்கு 3 அங்குலம் உள்ள சின்னப் படத்தை 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்தால் 1200-க்கு 1800 புள்ளிகள் கிடைக்கும். அதை 4-க்கு 6 அங்குலமாகத் தெளிவாக அச்சிடலாம். 300 போதும் என்று விட்டுவிட்டால் பெரிதாக்கும்போது முகம் மங்கும். ஸ்கேனர் இல்லையென்றால் பகலில் சன்னல் அருகே வைத்து, பிளாஷ் போடாமல், நேர் மேலிருந்து படம்பிடிக்கலாம். புலனத்தில் அனுப்பும்போது சாதாரணப் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும்; கோப்பாக அனுப்ப வேண்டும்.

பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்ய வேண்டும். படக்கடையின் முத்திரை, தெருப்பெயர், தமிழ்நாட்டில் இருந்த உறவினருக்கு அனுப்ப எழுதிய இரண்டு வரி எல்லாம் அங்கேதான் இருக்கும்.

2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது கீழ்த்தளத்தில் இருந்த அலமாரிகளும் மூழ்கின. அப்படி நனைந்த ஆல்பங்களில் படங்கள் பிளாஸ்டிக் உறையோடு ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் முகம் உறையோடு வந்துவிடும். பிரிக்க வராத படத்தை உறையோடு சேர்த்தே ஸ்கேன் செய்துவிடுவது நல்லது. ஓரம் அரித்து, கறை படிந்து, நடுவில் மட்டும் முகம் தப்பியிருக்கும் இத்தகைய படங்களுக்குத்தான் நீர்வண்ணக் கறை மாஸ்க் உண்மையிலேயே பொருந்துகிறது. சேதமே அலங்காரத்தில் கலந்து மறைந்துவிடும். மறைத்தாலும், கறையோடு உள்ள ஸ்கேன் பிரதியைத் தனியாக வைத்திருக்க வேண்டும். பழுதான படங்களைச் சீரமைக்கும் ஒருவரிடம் பிறகு கொடுக்க நேர்ந்தால் அவர் கேட்பது அதைத்தான்.

சேமிக்கும்போது இரண்டு பிரதிகள் வேண்டும். அடுக்குகளும் மாஸ்க்கும் அப்படியே இருக்க, போட்டோஷாப்பிலும் போட்டோபியாவிலும் பிஎஸ்டி, கிம்ப்பில் எக்ஸ்சிஎஃப். அச்சுக்கடைக்கும் உறவினர்களுக்கும் ஜேபெக். ஜேபெக்கில் எல்லா அடுக்குகளும் ஒன்றாகத் தட்டையாகிவிடும். அதிலிருந்து மறைத்ததை மீட்க முடியாது. அதனாலேயே ஒரு எச்சரிக்கையும் உண்டு. பழைய அடையாளக் கார்டின் எண்ணையோ வீட்டு முகவரியையோ மாஸ்க் போட்டு மறைத்துவிட்டு, பிஎஸ்டி கோப்பை அப்படியே வெளியாருக்கு அனுப்பினால், வாங்கியவர் ஒரே சொடுக்கில் மறைப்பை விலக்கிப் படித்துவிடுவார். வெளியே போவது எப்போதும் ஜேபெக்காகவே இருக்கட்டும்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது தோட்டம் அல்லது தெரு, தோராயமான ஆண்டு ஆகியவற்றைச் சேர்க்கலாம். ஏட்டின் பக்கத்திலேயே, ஓர் எழுத்து அடுக்கில், நிற்பவர்களின் பெயர்களை இடமிருந்து வலமாக எழுதிவிடலாம். மாஸ்க்கால் மறைத்தவர்களின் பெயர்களையும் சேர்த்துத்தான். பெயர் தெரியாதவர் இருந்தால் ‘தெரியவில்லை’ என்றே எழுதிவைக்கலாம். தீபாவளிக்கு வீட்டுக்கு வரும் பெரியம்மா யாராவது பார்த்துச் சொல்லிவிடக்கூடும்.